டாக்டர் வளர்த்த கான்சர்

நாற்பத்தி நாலு வயதில் மனுஷனுக்கு என்னென்னவோ கிறுக்குப் பிடிக்கும். சிலர் தலைக்குச் சாயம் அடித்துக்கொள்வார்கள். சிலர் விலை உயர்ந்த சைக்கிள் வாங்கி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, அப்புறம் அதில் துணி காயப்போடுவார்கள். நம்ம டாக்டருக்குப் பிடித்தது ஆராய்ச்சி. பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் புற்றுநோய் வைத்தியம் பார்த்தவர், உள்ளே நுழைந்தால் லிஃப்ட்காரர் மற்ற மாடிகளை மறந்துவிட்டு நேரே கொண்டுபோய் விடுகிற அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர், ஒரு திங்கட்கிழமை ராஜினாமாவை நீட்டிவிட்டார். நோயாளிகளுக்கு மருந்து எழுதினது போதுமாம். கான்சர் எந்த ஜீன் கெட்டு வருகிறது, மருந்தை ஏமாற்றிவிட்டு எப்படித் திரும்ப முளைக்கிறது என்று மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்துப் பார்க்கப் போகிறாராம்.

அவரைச் சும்மா கிண்டல் செய்துவிட்டுப் போய்விடவும் முடியாது. காரணம் இருந்தது. வருகிற நோயாளிக்கு முதல் மருந்து கொடுப்பார், நோய் அடங்கும், எல்லாரும் கும்பிடுவார்கள். கொஞ்ச காலத்தில் நோய் திரும்பி வரும், இரண்டாவது மருந்து. மறுபடியும் வரும், மூன்றாவது. அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்பார். அந்தப் "பார்க்கலாம்" அவருக்கே அலுத்துப்போய்விட்டது. பொய் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறோமோ என்று தோன்ற ஆரம்பித்த பிறகு அவரால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. இது நிஜம்.

ஆனால் இதையெல்லாம் சொன்னால் வீட்டில் யார் கேட்பார்கள்? "உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா!" என்றார் மச்சான். மச்சான் என்றால் டாக்டர் மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவர் என்பதால், எல்லாருடைய வாழ்க்கையும் எந்த கியரில் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாக நினைப்பவர்.

"ஏன் மாப்ள, மனுஷனுக்கு வைத்தியம் பார்த்தா அவன் திருப்பிக் கேள்வி கேக்குறான்னு, செல் வளர்க்கிற தட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போறீங்களா?"

"வைத்தியம் இல்ல மச்சான். ஆராய்ச்சி."

"அதான். நோயாளி இல்லாத வைத்தியம். நான்கூட வண்டி இல்லாத டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஆக்சிடென்ட்டே ஆகாது பாருங்க."

மனைவி கணக்கு டீச்சர். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "போங்க. ஆனா அங்க ஒண்ணும் சரியில்லைன்னு வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். காப்பாற்றுகிற உத்தேசம் இல்லாத நிபந்தனையை ஒப்புக்கொள்வதில் புருஷர்களுக்கு என்ன கஷ்டம்?

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் டாக்டர் மனதில் என்ன படம் ஓடியதோ தெரியாது. நேரில் அது ஒரு நீள அறை. சுவரோரம் செல்களுக்குச் சூடு கொடுக்கிற இன்குபேட்டர்கள், நடுவில் மேஜைகள், மூலையில் உறுமிக்கொண்டு இரண்டு ஃபிரிட்ஜ். ஒன்றில் "இதில் சாப்பாடு வைக்காதீர்கள்" என்று ஒட்டியிருந்தது. மற்றதில் "இதில் சாப்பாடு மட்டும்". பதினாறு வருஷ ஸ்பெஷலிஸ்ட் முதல் நாளே டிபன் பாக்ஸை முதல் ஃபிரிட்ஜில் வைத்தார். செல்களோடும் ரசாயனத்தோடும் இருந்த எதையும் சாப்பிடக் கூடாது என்பது விதி. டிபன் குப்பைக்குப் போனது, டாக்டர் பிஸ்கட்டுக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் அவர் வார்டில் நடந்தால் பின்னாலேயே எட்டுப் பேர் நடப்பார்கள். "இன்ஃபெக்‌ஷனா இருக்கும்" என்று அவர் முணுமுணுத்தால் எட்டுப் பேனாவும் எழுதும். இங்கே பின்னால் ஒருத்தரும் வருவதில்லை. போதாக்குறைக்குக் கூடத்துக்கு ஒரு தலைவி. டாக்டரைவிடப் பத்து வயது சின்னவள், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவாள், கத்திப் பேசமாட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம்தான்.

"இந்த செல்லெல்லாம் சோர்ந்து போயிருக்குன்னு நினைக்கிறேன்" என்பார் டாக்டர்.

"எப்படித் தெரியும் சார்?"

"பார்த்தாலே தெரியுதே."

"எப்படித் தெரியும்?"

பதினாறு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நோயாளி கேட்டிருக்கலாம், ஆனால் நோயாளிக்கு பயம். ஜூனியர் கேட்டிருக்கலாம், ஜூனியருக்கு இன்னும் பயம். இவள் காலையில் ஒரு தடவை, மத்தியானம் இரண்டு தடவை, சாயங்காலம் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஒரு தடவை கேட்டாள். அவர் பாத்ரூம் காலியாக இருக்கிறது என்று சொன்னால்கூட எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்று டாக்டருக்கு பயம் வந்துவிட்டது.

அவருக்குக் கொடுத்த வேலை கேட்பதற்கு சுலபமானது. ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு வரும். அதை நறுக்கி, செல் செல்லாகப் பிரித்து, தட்டில் போட்டு, ரோஸ் கலரில் மீடியம் என்கிற ஊட்டத் தண்ணீரை ஊற்றி வளர்க்க வேண்டும். நன்றாக வளர்ந்துவிட்டால், அதன் ஜீனைப் படிக்கலாம். பத்துத் தட்டாகப் பிரித்து பத்து மருந்தை ஊற்றி, எது அதைக் கொல்கிறது என்று பார்க்கலாம். அந்த நோயாளிக்கே எந்த மருந்து வேலை செய்யும் என்று ஒரு துப்புக் கிடைக்கும். நாலாவது மருந்து என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் கிடைக்கும் என்று டாக்டர் நம்பினார்.

ஆனால் வளர வேண்டுமே! மனுஷன் வயிற்றுக்குள் யாரையும் கேட்காமல், வாடகை கொடுக்காமல், மருந்துக்கு மேல் மருந்து ஊற்றினாலும் அசராமல் வளர்கிற கான்சர், இங்கே வேளாவேளைக்குச் சர்க்கரை, இதமான சூடு, வடிகட்டின காற்று எல்லாம் கொடுத்தும் மாமியார் வீட்டில் மரியாதை குறைந்த மாப்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டு செத்துப்போனது. ஒன்று, இரண்டு, பத்து என்று எல்லாத் தட்டும் போனது.

டாக்டர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"செத்துப் போச்சு."

"ஐயையோ, யாரு?"

"கான்சர்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லதுதானே?"

அதை எப்படி விளக்குவது? பதினாறு வருஷம் இதையே சாகடிக்கப் பாடுபட்டு முடியாதவர், இப்போது உயிரோடு வைக்கப் பாடுபட்டு முடியாமல் தவிக்கிறார். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன்னு சொன்னீங்க" என்று ஞாபகப்படுத்திவிட்டு அவள் விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

அந்தக் கூடத்தில் காலை வணக்கம் கிடையாது. ஒருத்தரையொருத்தர் பார்த்தால் கேட்பது, "வளருதா?" அவ்வளவுதான். "வளருது" என்றால் முகம் மலரும். "இல்ல" என்றால் தோளில் ஒரு தட்டு. டாக்டர் முதல் மாதம் அந்த வார்த்தையைக் கேட்டாலே காதில் விழாத மாதிரி நகர்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆக்டிவா இருக்கு," "முன்னைக்கு இப்ப லேசா மாற்றம்" என்று சுற்றி வளைப்பார்கள். இவரே எத்தனை தடவை வளைத்திருக்கிறார்! ஆனால் பழக்கம் என்பது ஒரு வியாதி. நாலைந்து மாதத்தில் அவரும் காலையில் கையைத் தேய்த்துக்கொண்டே, "வளருதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தடவை வளர்ந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "வளருது! வளருது!" என்று கூடமே அதிரக் கூவினார். தலைவி வந்து குனிந்து பார்த்தாள்.

"வளருது சார். ஆனா இது பூஞ்சை."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எங்கிருந்து வந்தது பூஞ்சை என்று அவள் அவரை வேலை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். டாக்டர் தட்டின் மூடியைத் திறந்ததும், கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தலையை விட்டு, நோயாளியின் கட்டில் மேல் சாய்கிற மாதிரி சாய்ந்து, "என்ன, இன்னிக்கு எப்படி இருக்கு? கொஞ்சம் பரவால்லையா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்த அத்தனையும் தட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் யாரையும் தொடத் தெரியாத மனுஷன் செய்யக்கூடிய தப்பு அது.

"சார்," என்றாள் தலைவி, "அதுக்குக் காது கேக்காது."

இப்படி டாக்டர் ஆழம் தெரியாமல் காலை விட்டுத் தத்தளித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மச்சானின் பேன்ட் இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. மச்சான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். "டயட்டும் இல்ல, நடையும் இல்ல, தானா குறையுது பாருங்க!" பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். இன்னொன்றும் போட்டார். வயிற்று வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டார், ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டரிடம் கேட்டார். வீட்டிலேயே பதினாறு வருஷ ஸ்பெஷலிஸ்ட் இருக்க, அவரிடம் மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் ரத்தம் போன பிறகு தங்கச்சியிடம் சொன்னார். தங்கச்சி புருஷனிடம் சொன்னாள்.

டாக்டர் பதறிப்போய் ஓடினார். "என்ன மச்சான் இது! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் இப்ப டாக்டர் இல்லையே மாப்ள" என்றார் மச்சான். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனாலும் டாக்டருக்கு அது நேரே போய்த் தைத்தது.

பெருங்குடலில் கட்டி. அங்கிருந்து கல்லீரலுக்கும் போயிருந்தது. டாக்டரின் பழைய ஆஸ்பத்திரியில், டாக்டரின் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்த ஜூனியர்தான் வைத்தியம் பார்த்தான். குடலில் இருந்ததை வெட்டி எடுத்தார்கள். கல்லீரலில் வசதியாக இருந்த ஒன்றையும் எடுத்தார்கள், வசதியில்லாத இடங்களில் இருந்ததை விட்டுவிட்டு முதல் மருந்தை ஆரம்பித்தார்கள். எடுத்ததில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது மச்சான் கட்டிலில் படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"என்னோட ஒரு துண்டாவது உங்க ஆபீஸ்ல போய் உருப்படட்டும் மாப்ள."

தலைவி டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்க வீட்டு ஆளோட சாம்பிள். வேற யாராவது பார்க்கட்டுமே சார்."

"இல்ல, நானே பார்க்குறேன். என்னால தள்ளி நின்னு பார்க்க முடியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றார் டாக்டர். அந்தப் பதிலை அவள் எப்படி ஒப்புக்கொண்டாள் என்பது ஆச்சரியம். ஆனால் ஒப்புக்கொண்டாள்.

மச்சான் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார், அல்லது எடுத்துக்கொண்ட மாதிரி நடித்தார். ஆஸ்பத்திரியிலேயே, வெட்டின கட்டியின் ஜீனைப் படித்துப் பார்த்ததில் ஒரு எழுத்து பிசகியிருந்தது. அதனால் இந்த நோய்க்கென்றே வந்திருக்கும் ஒரு நல்ல மருந்து இவருக்கு வேலை செய்யாது என்று டாக்டர் போய்ச் சொன்னார்.

"ஒரே ஒரு எழுத்தா?" என்றார் மச்சான். "என் ஸ்கூல் போர்டுல மூணு எழுத்து தப்பு மாப்ள. பன்னெண்டு வருஷமா ஓடுது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எல்லா வண்டியிலயும் என் காலடியில தனியா ஒரு பிரேக் இருக்கும். கத்துக்க வர்றவன் எந்தப் பள்ளத்துல விட்டாலும் நான் மிதிச்சுக்குவேன். அப்படியே உக்காந்து பழகிட்டேன். இந்த வண்டியில அது இல்ல மாப்ள." டாக்டர் "பார்க்கலாம்" என்று வாய் வரை வந்ததை விழுங்கினார்.

அதன் பிறகு அவர் அந்தத் தட்டுகளைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, சொந்தப் பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்திருக்கமாட்டார். வாயை இரண்டு முகமூடி போட்டு மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் போய் மீடியம் மாற்றினார். முதல் சில வாரம் அது அசையவில்லை. மற்றதெல்லாம் செத்த மாதிரி இதுவும் சாகப் போகிறது என்று நினைத்தார். இது செத்தால் மச்சானுக்கு மருந்து தேட வழியில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டு நிறைய செல்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இடம் போதாமல் முண்டிக்கொண்டு இருந்தன. தலைவியைக் கூப்பிட்டார். அவள் பார்த்தாள், பூஞ்சையா என்று பார்த்தாள், இன்னொரு தட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவர் அங்கே சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "வளருது சார்!" கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ மேஜையைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

டாக்டர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததுதான் தாமதம், ஹலோவுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. "வளருதுடி! சும்மா தாறுமாறா வளருது! என் சர்வீஸ்லயே இப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்ததில்ல!"

பின்னால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"கேக்குதா? உங்க அண்ணனோடதுடி! வளருது!"

"மாப்ள," என்றது மச்சானின் குரல். "அவ தண்ணி பிடிக்கப் போயிருக்கா. நாங்க ஸ்கேன் எடுத்துட்டு வெளியில உக்காந்திருக்கோம். ரிசல்ட் அங்க வந்துடுச்சா மாப்ள? இங்க எங்களை இன்னும் கூப்பிடல."

டாக்டர் கையை ஆட்டிக் கூடத்தை அடக்கப் பார்த்தார்.

"பின்னாடி யாரு கை தட்டுறாங்க?" என்று கேட்டார் மச்சான்.

அடப்பாவி மனுஷா! பதினாறு வருஷம் எத்தனை குடும்பத்துக்கு, எத்தனை பதமாக, எப்படியெல்லாம் சுற்றி வளைத்துச் சொன்ன வாய் அது. "இல்ல மச்சான், அது இது இல்ல... ஸ்கேன் இல்ல... இது தட்டுல... தட்டுல வளர்ந்தா நல்லது மச்சான், மருந்து தேடலாம்..." என்று உளறினார். மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாப்ள" என்றார். அந்த இரண்டு வார்த்தையிலும் கிண்டல் துளிக்கூட இல்லை.

அரைமணி நேரத்தில் ஸ்கேன் ரிசல்ட்டும் வந்தது. ஜூனியர் மச்சானை உட்காரவைத்து, "கொஞ்சம் ஆக்டிவா இருக்கு" என்றானாம். "வளருதுன்னு சொல்லு தம்பி, எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாராம் மச்சான்.

மனைவி அன்று வீட்டில் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை. சாதத்தைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து, "என் அண்ணனுக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கு. அதுல ஒண்ணுக்காவது நீங்க இப்படிக் குதிச்சு நான் பார்த்ததில்ல" என்றாள்.

"மருந்து கண்டுபிடிக்கத்தானே..."

"அப்போ கண்டுபிடிங்க" என்றாள். அதன் பிறகு பேச்சு இல்லை. "டாக்டர் சாப்பிட வரலாம்," "டாக்டருக்குப் போன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வதோடு சரி.

டாக்டர் தேடினார். தட்டுகளைப் பிரித்துப் பிரித்து வரிசையாக மருந்துகளை ஊற்றினார். முதல் மருந்தில் செல்கள் சாகவில்லை. அதுதான் ஸ்கேனே சொல்லிவிட்டதே. இரண்டாவது மருந்தை ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இங்கே தட்டுக்கும் ஊற்றினார். தட்டில் இரண்டு நாள் தயங்கிவிட்டு மறுபடி கிளம்பியது. அடுத்த ஸ்கேனும் அதையேதான் சொன்னது. வேறு வியாதிக்கென்று வந்தவை, இன்னும் பேரே வைக்காமல் நம்பரோடு இருப்பவை, ஒன்றோடு ஒன்று கலந்தவை என்று எதையும் விடவில்லை. ஒன்றே ஒன்று நன்றாகக் கொன்றது. டாக்டர் துள்ளி எழுந்தார். தலைவி அளவைப் பார்த்தாள்.

"இந்த அளவு மனுஷனுக்குக் குடுத்தா?"

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். கான்சருக்கு முன்னால் மனுஷன் போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது மூன்றாவது மருந்து. வாய் முழுக்கப் புண்ணாகும், கால் எரியும், மாதத்தில் பாதி நாள் கட்டில்தான். எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று மச்சான் தீர்மானிக்க வேண்டும். அதைத் தட்டில் ஊற்றிப் பார்த்தபோது செல்கள் சட்டையே செய்யவில்லை. "தட்டு மனுஷன் இல்ல சார், அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள் தலைவி. சரிதான். ஆனால் இதுவரை தட்டு சொன்னது எதுவும் பொய்த்ததில்லை.

இதை வீட்டில் வைத்துச் சொல்ல டாக்டருக்குத் தைரியம் வரவில்லை. மச்சானே, "அந்தக் கூடத்தை ஒரு தடவை பார்க்கணும் மாப்ள, என் ஆளுங்க எப்படி இருக்கானுங்கன்னு" என்று கேட்டு, தங்கச்சி வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க அவள் ஸ்டியரிங் பிடிப்பதில் குறை சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோட்டு அவர் தோளில் ஹேங்கரில் மாட்டினது மாதிரி தொங்கியது. தங்கச்சி உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார் மச்சான்.

"இவனுங்கதானா?"

"ஆமா மச்சான்."

"சோறு தண்ணியெல்லாம்?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துவேன்."

"ஏசி வேற. என்னைவிட சொகுசா இருக்கானுங்க." கண்ணை எடுக்காமலே கேட்டார். "எதுலயாவது செத்தானுங்களா?"

வார்டாக இருந்திருந்தால் டாக்டர் அவர் தோளில் கை வைத்திருப்பார். வாயில் ஆயிரம் வார்த்தை தயாராக இருந்திருக்கும். இங்கே, பக்கத்தில் தலைவி நின்றுகொண்டிருக்க, "இல்ல மச்சான். உங்களுக்குக் குடுக்கக்கூடிய எதுலயும் சாகல" என்றார்.

"அந்த மூணாவது மருந்து?"

"அதுலயும்."

மச்சான் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இருந்தது. எப்போதும் கிண்டலில் கரைத்துவிடுகிற மனுஷனுக்கு அன்று கரையவில்லை. "அப்போ அது வேணாம்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்றார். பிறகு, "ஒரு தட்டு குடுங்க" என்றார்.

"எதுக்கு சார்?" என்றாள் தலைவி.

"கொல்லணும். இத்தனை நாளா என்னைத்தான் எல்லாரும் குத்துறாங்க, வெட்டுறாங்க. இவனுங்களை ஒருத்தனும் ஒண்ணும் பண்ணல. என் கையால ஒரு தட்டைக் கொல்லணும்."

டாக்டர் தலைவியைப் பார்த்தார். அவர் கையில் வளர்ந்த ஒரே சாம்பிள் அது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வேலை எழுதி வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஆயிரம் நியாயம் இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து மச்சானிடம் நீட்டினாள்.

வேண்டாத தட்டுகளைக் கழிக்கும்போது ஊற்றுகிற பிளீச் பாட்டிலை டாக்டர் எடுத்து வைத்தார். தரை கழுவுகிற அதே சாமான்தான். மச்சான் பாட்டிலைத் தூக்கினார். டாக்டர் பிடிக்கப் போனார். "விடுங்க மாப்ள, எனக்குத் தெரியும்" என்று அவரே ஊற்றினார். ரோஸ் கலர் மீடியம் வெளுத்து, வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மூடியைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள்.

"செத்தானுங்களா?"

"செத்துட்டானுங்க மச்சான்."

"எல்லாரும்?"

"இந்தத் தட்டுல எல்லாரும்."

மச்சான் கண்ணை வைத்துத் திருப்தியாகப் பார்த்தார். "இதை எனக்கு ஏத்த முடியாதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "மாப்ள, இத்தனை வருஷத்துல நீங்க பார்த்த உருப்படியான வைத்தியம் இதுதான்." டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகமூடிக்குள் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

மச்சான் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கோட்டைக் கழற்றி மாட்டினார். வாசல் வரை போனவர் நின்று, இன்குபேட்டர் பக்கம் தலையை அசைத்தார்.

"மிச்சவனுங்களுக்கு இன்னிக்குச் சாப்பாடு போட்டாச்சா?"

"இன்னும் இல்ல மச்சான்."

"போட்டுட்டு வாங்க. நான் வெளியில உக்காந்திருக்கேன்."